புழுவின் உறக்கத்தைப் படித்தவர்

பருத்திக் காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நம் விவசாயிகளுக்குப் பழகிய எதிரி. காய்க்குள் போய்விட்டால் மருந்து அதை எட்டாது. அமெரிக்காவின் டெக்சாஸில் இதன் பலவீனத்தைத் தேடியவர் பூச்சியியலாளர் பெர்ரி அட்கிசன்.

1929-இல் ஆர்கன்சாவில் பிறந்த அவர், 1958-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவர் கவனித்தது புழுவின் உறக்கத்தை. இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, புழு வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறக்கநிலைக்குப் போகிறது. காயிலும் மண்ணிலுமாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதற்கு முன்பே அறுவடையை முடித்து, பருத்திமாரைத் துண்டு துண்டாக்கி உழுதுவிட்டால்? உறங்கிப் பிழைக்கும் புழுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். ஊரே சற்றுத் தாமதித்து ஒன்றாக விதைத்தால், முன்னதாக வெளிவரும் அந்துப்பூச்சிகள் மொட்டு கிடைக்காமல் வாரிசின்றி மடியும். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து வயலும் சேர வேண்டும். எளிமையான யோசனைதான், ஆனால் பூச்சியின் வாழ்க்கையைப் பொறுமையாகப் படித்தவருக்கே அது தோன்றும்.

அட்கிசன் இப்படி ஆராய்ந்த ஆண்டுகளில், இதற்கு மாறாக மருந்தை மட்டுமே நம்பிய வடகிழக்கு மெக்சிகோவில், எந்த மருந்துக்கும் மசியாத புகையிலை மொட்டுப்புழு பருத்தி விவசாயத்தையே குலைத்தது.

அட்கிசன் பின்னாளில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தரானார். 1997-இல் மற்றொரு பூச்சியியலாளரான ரே ஸ்மித்துடன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று இந்தியாவிலும் வேளாண் அலுவலர்கள் சொல்வது அட்கிசனின் அந்த யோசனையைத்தான்: பயிர்க்காலத்தை நீட்டாதீர்கள், பருத்திமாரை வயலில் விட்டுவைக்காதீர்கள்.