வெயிலை ஸ்பூனில் குடிக்கும் ஊர்!

மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போதே, "அப்பப்பா, என்ன வெயில்!" என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அபிராமபுரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம். ஹாமர்ஃபெஸ்ட்டில் இருந்தால் சொல்லமாட்டீர்கள்!

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கிற சின்னத் துறைமுக ஊர் அது. நவம்பர் மூன்றாவது வாரம் மறைகிற சூரியன், நம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் தலைகாட்டும். நடுப்பகலில் மட்டும் சில மணி நேரம் விடியற்காலை போல நீல வெளிச்சம். பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்கூடம் கிளம்புவார்கள். கோட்டில், விளக்கு பட்டால் மின்னும் பட்டை தொங்கும். வண்டிக்காரர் கண்ணில் படவேண்டுமே! கோடையில் நேர்மாறு. மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. கனத்த திரை போட்டால்தான் தூக்கம் வரும்.

அங்கே நம்மவர்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? 1980களில் போருக்குத் தப்பி நார்வே போன இலங்கைத் தமிழர்கள் பலருக்கு வேலை கொடுத்தவை, ஹாமர்ஃபெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் வட்டாரத்தின் மீன் தொழிற்சாலைகள்தான். பிற்பாடு பலர் தலைநகர் ஓஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

குளிருக்குக் கம்பளி இருக்கிறது. வெயிலுக்கு எங்கே போவது? தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும். அது குறைந்தால் எலும்பு வலி, தசைத் தளர்ச்சி, அசதி. நம்முடைய மாநிறத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்டியில் வசிக்கும் இலங்கையரைவிட ஓஸ்லோவில் வசிக்கும் இலங்கையருக்கு வைட்டமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது.

நார்வேக்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க தினம் ஒரு ஸ்பூன் காட் மீன் ஈரல் எண்ணெய்!

'நமக்கென்ன, வெயில் கொட்டுகிறதே' என்று இருந்துவிடாதீர்கள். ஃபிளாட்டுக்குள் திரை, ஆபீசில் ஏ.சி., வெளியே போனால் கார் என்று இருந்தால் அபிராமபுரமும் ஹாமர்ஃபெஸ்ட்தான்! சென்னையிலும் இந்தக் குறைபாடு சகஜம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் பயன்படாது.

காலை பத்து மணிக்கு மேல், முகம், கை, கால்களில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும். தோல் சிவந்து எரியும் வரை நிற்க வேண்டாம். முட்டை மஞ்சள் கரு, மத்தி மீன் சாப்பிடுபவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். வலியும் அசதியும் விடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையை நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம். வைட்டமின் டி அளவு மிஞ்சினாலும் ஆபத்து.

நாளைக்குத் துணி உலர்த்த நீங்களே மாடிக்குப் போங்களேன். அங்கே ஸ்பூனில் குடிப்பது இங்கே இனாம்!