7 சீசன்... 7 சாம்பியன்கள்! என்.பி.ஏ-வில் காசு இருந்தும் ஏன் ஜெயிச்சுக்கிட்டே இருக்க முடியல?

2019-ல் டொரான்டோ ராப்டர்ஸ். 2020-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். அப்புறம் வரிசையாக மில்வாக்கி பக்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், டென்வர் நக்கெட்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ். 2025-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர். அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ-வில் ஏழு சீசன்களில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். அந்த லீகின் வரலாற்றிலேயே இதற்கு முன் இப்படி நடந்தது கிடையாது.

இதே லீகில்தான் 1957 முதல் 1969 வரையிலான 13 சீசன்களில் 11 முறை செல்டிக்ஸ் கோப்பையைத் தூக்கியது. 1980-களில் பத்துக் கோப்பைகளில் எட்டை லேக்கர்ஸும் செல்டிக்ஸும் மட்டுமே பங்கு போட்டுக்கொண்டன. அப்படி இருந்த லீக் எப்படி இப்படி மாறுச்சு? யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் யாரை எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கும் விதிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே ஒரு ஆள் போதும்!

கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனாக இருந்தாலும், முதல் பந்தில் அவுட் ஆனால் பெவிலியனில் உட்கார வேண்டியதுதான். டி20-யில் பௌலருக்கு நாலு ஓவர்தான். ஆனால் கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்தே பேர். 48 நிமிட ஆட்டத்தில் ஒரு சூப்பர் ஸ்டார் 35 நிமிடங்களுக்கு மேல் ஆடுவார். அட்டாக்கும் அவர்தான், டிஃபென்ஸும் அவர்தான். அதனால் அப்படிப்பட்ட இரண்டு, மூன்று பேர் ஒரே டீமில் சேர்ந்துவிட்டால், மற்ற டீம்களின் ரசிகர்கள் சீசன் தொடங்கும்போதே நம்பிக்கையை இழந்துவிடுவார்கள். அதனால்தான் ஸ்டார்களை 30 டீம்களுக்கும் பரவலாகப் பிரிக்கிற விஷயத்தில் என்.பி.ஏ இவ்வளவு மெனக்கெடுகிறது.

சாலரி கேப்... ஆனா கொஞ்சம் ஓட்டை!

1984-85 சீசனில் ஒரு டீம் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அப்போது அது 36 லட்சம் டாலர். 2025-26 சீசனில் 15.46 கோடி டாலர். லீகின் கூடைப்பந்து வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். வருமானம் ஏற ஏற, கேப்பும் ஏறும்.

ஐ.பி.எல் ரசிகர்களுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது. 2025 மெகா ஏலத்தில் ஒவ்வொரு டீமுக்கும் 120 கோடி ரூபாய்தான். ஏலத்தில் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட செலவு செய்ய முடியாது. என்.பி.ஏ-வில் அப்படி இல்லை. வெளியிலிருந்து புது ஆளை எடுக்கத்தான் கேப் தடை போடும். ஏற்கெனவே தன்னிடம் ஆடிக்கொண்டிருக்கும் வீரரைத் தக்கவைக்க டீம் கேப்பைத் தாண்டலாம். இந்தச் சலுகைக்கு செல்டிக்ஸ் ஜாம்பவான் லாரி பேர்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 'வளர்த்த பிள்ளையை விட்டுக்கொடுக்க வேண்டாம்' என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கையில் காசுள்ள முதலாளிக்கு அது ஒரு ஓட்டையாகவும் ஆனது. அதை அடைக்க லக்ஷுரி டாக்ஸ் வந்தது. ஒரு எல்லையைத் தாண்டிச் செலவு செய்தால், லீகுக்கு வரி கட்ட வேண்டும். 2021-22-ல் வாரியர்ஸ் கட்டிய வரி மட்டுமே சுமார் 17 கோடி டாலர். கட்டினார்கள், கோப்பையையும் ஜெயித்தார்கள்!

ஜோர்டனுக்கு வந்த சம்பளம் இனி யாருக்கும் வராது

1997-98 சீசனில் ஒரு டீமின் கேப் சுமார் 2.69 கோடி டாலர். சிகாகோ புல்ஸில் மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 3.31 கோடி டாலர். ஒரே ஆள், மொத்த கேப்பைவிட அதிகம்!

அடுத்த சீசனுக்கு முன் முதலாளிகள் லாக்-அவுட் அறிவித்தார்கள். 1999-ல் வந்த புது ஒப்பந்தம் தனிநபர் சம்பளத்துக்கும் வரம்பு போட்டது. இப்போது அனுபவத்தைப் பொறுத்து கேப்பில் 25, 30 அல்லது 35 சதவிகிதம்தான் அதிகபட்சம்.

இதில்தான் ஒரு ட்விஸ்ட். எந்த டீமுக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே காசுதான் என்றால், ஒரு சூப்பர் ஸ்டார் எதைப் பார்ப்பார்? நல்ல ஊரா, கூட யார் ஆடுகிறார்கள், கோப்பை கிடைக்குமா என்றுதானே? 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் போஷ், டுவைன் வேட் மூவரும் மியாமி ஹீட்டில் ஒன்றுசேர்ந்தார்கள். மூன்று பேருமே அதிகபட்சத்தைவிடக் குறைவான சம்பளத்துக்குச் சம்மதித்தார்கள். சமநிலைக்கு உதவ வேண்டிய விதி, 'சூப்பர் டீம்' உருவாகவும் வழிவிட்டது.

தோத்தாதான் லாபம்!

ஆள் எடுப்பதற்கான இன்னொரு வழி, டிராஃப்ட். புதிதாக வரும் இளம் வீரர்களை எடுக்கும்போது, மோசமாக ஆடிய டீம்களுக்கு முன்னுரிமை. முதல் சுற்றில் வருபவர்களின் ஆரம்பகாலச் சம்பளமும் பெரும்பாலும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கும். 2023-ல் முதல் ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்த விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் வருடச் சம்பளம் சுமார் 1.2 கோடி டாலர்தான். ஓப்பன் மார்க்கெட்டில் விட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கொடுக்க டீம்கள் க்யூவில் நின்றிருக்கும்.

ஆனால் கடைசி இடத்துக்குப் பரிசு என்றால், வேண்டுமென்றே தோற்க ஆள் வராமல் இருப்பார்களா? இதற்குப் பெயரே 'டேங்கிங்'. அதைத் தடுக்கத்தான் 1985 முதல் லாட்டரி. முன்பு கடைசி இடத்து டீமுக்கு முதல் வாய்ப்பு கிடைக்க 25 சதவிகிதம் சான்ஸ் இருந்தது. 2019-ல் அதைக் கடைசி மூன்று டீம்களுக்கும் தலா 14 சதவிகிதமாக மாற்றினார்கள். 2025-ல் வெறும் 1.8 சதவிகித வாய்ப்புடன் இருந்த டல்லாஸ் மேவரிக்ஸுக்கு லாட்டரி அடித்தது. கூப்பர் ஃபிளாகைத் தூக்கியது. மோசமான டீமைக் கைதூக்கி விடணும், ஆனால் தோற்பதை லாபமாக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

2016... எல்லாம் தலைகீழான வருஷம்

விதி கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஒரு பாடம். சுமார் 2,400 கோடி டாலர் மதிப்புள்ள புது டி.வி ஒப்பந்தத்தால், கேப் ஒரே வருடத்தில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலராக எகிறியது. 'படிப்படியாக ஏற்றலாம்' என்று லீக் சொன்ன யோசனையை வீரர்கள் சங்கம் ஏற்கவில்லை.

அதே நேரத்தில் வாரியர்ஸ் 73 ஆட்டங்களில் ஜெயித்து சாதனை படைத்திருந்தது. அதன் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியோ, கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட காலத்தில் போட்ட 4 வருட, 4.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். 2016-17-ல் சொந்த டீமிலேயே சம்பளத்தில் நான்காவது இடம்! கேப் எகிறியது, கரி சீப்பாகக் கிடைத்தார். விளைவு, கெவின் டுராண்டை உள்ளே கொண்டுவர இடம் கிடைத்துவிட்டது. 2017, 2018 இரண்டு கோப்பைகளும் வாரியர்ஸுக்கே.

வந்தது செகண்ட் ஏப்ரன்!

வரி போட்டாலும் பணக்கார முதலாளிகள் அசரவில்லை. அதனால் 2023 ஒப்பந்தத்தில், காசோடு சேர்த்து சுதந்திரத்திலும் கை வைத்தார்கள். அதுதான் 'செகண்ட் ஏப்ரன்'. 2025-26-ல் இந்த எல்லை 20.78 கோடி டாலர். இதைத் தாண்டும் டீமுக்கு:

* இரண்டு, மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது.
* கேப்பைத் தாண்டிய டீம்கள் நடுத்தரச் சம்பளத்தில் வெளியாட்களை எடுக்கும் சலுகை கிடையாது.
* ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை டிரேட் செய்ய முடியாமல் முடக்கிவிடுவார்கள். தொடர்ந்து எல்லை தாண்டினால், அந்த வாய்ப்பு முதல் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும்.

இதன் வலி முதலில் பெரிதாகத் தெரிந்தது பாஸ்டனில். 2024 ஜூனில் செல்டிக்ஸ் சாம்பியன். அடுத்த மே மாதம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநார் கிழிந்தது. அதே டீமை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்த்து சுமார் 50 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு போட்டார்கள். கோப்பை வாங்கி ஒரே வருடத்தில் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லேண்டுக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லான்டாவுக்கும் டிரேடில் போனார்கள். ரசிகர்கள் அவர்களின் ஜெர்சியைத் துவைத்து மடிப்பதற்குள் டீமே கலைந்துவிட்டது.

தண்டருக்குக் காத்திருக்கும் பரீட்சை

2025 சாம்பியன் தண்டர், லீகின் சின்ன ஊர் டீம்களில் ஒன்று. 2019-ல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கியது. அப்புறம் இரண்டு சீசன் அடிமேல் அடி; 2021-22-ல் 24 வெற்றிதான். அந்தக் காலத்தில் சேர்த்த வாய்ப்புகளில் செட் ஹோம்கிரனும் ஜேலன் வில்லியம்ஸும் வந்தார்கள். கோப்பை வென்ற சீசனில் வில்லியம்ஸின் சம்பளம் சுமார் 48 லட்சம் டாலர்தான். ஒரு ஆல்-ஸ்டாருக்கு இது அடிமாட்டு விலை!

ஆனால் 2026-27 முதல் அந்த இருவரின் புது ஒப்பந்தங்கள் தொடங்குகின்றன. ஆளுக்கு 24 கோடி டாலருக்கு மேல் போகக்கூடியவை. அதற்கு அடுத்த சீசனில் ஷாயின் 4 வருட, 28.5 கோடி டாலர் ஒப்பந்தம். மூவரையும் வைத்துக்கொண்டு மற்ற ஆட்களையும் காப்பாற்றுவது பெரும்பாடு. தோற்றுத் தோற்று, பொறுமையாக வளர்த்த டீமையும் இந்த விதி விட்டுவைக்காது. ஏப்ரன் கணக்கைப் பொறுத்தவரை, காசைக் கொட்டி வாங்கிய ஸ்டாரும் ஒன்றுதான், சொந்தமாக வளர்த்த ஸ்டாரும் ஒன்றுதான்.

ஏழு ஊர் ரசிகர்கள் கோப்பையோடு தெருவில் ஆடியது நல்ல விஷயம். ஆனால் நமக்குப் பிடித்த ஐந்து பேர் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக ஜெயித்து, ஒன்றாக வயசாவதைப் பார்க்கும் சுகமும் விளையாட்டில் உண்டு. எல்லா ஊருக்கும் ஒரு சான்ஸ் கொடுப்பதற்கான விலையை, ஜெயித்த ஊரின் ரசிகர்தான் கட்டுகிறார். அடுத்து அந்த பில் ஓக்லஹோமாவுக்குத்தான் போகும் போலிருக்கிறது!