வேனின் பவர் ஸ்டியரிங் பம்பு

எஞ்சினை நிறுத்திய வேனொன்றின் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தவர் அதன் கடுமையை அறிவர். அக்கடுமையைத் தணிப்பதே பவர் ஸ்டியரிங். பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1926இலேயே இதனை ஒரு காரில் அமைத்து ஓட்டிக் காட்டினாராயினும், விற்பனைக் காரில் இஃது இடம்பெற்றது 1951இல் கிரைஸ்லர் நிறுவனத்தாராலேயாம். இந்நாளில் பல கார்களில் மின்மோட்டார் இவ்வேலையைச் செய்கின்றது. எம் இல்லத்து வேனிலோ இன்னும் எண்ணெயே செய்கின்றது.

அவ்வேனிலேதான் எம் தந்தையார் பள்ளிச் சிறார்களை ஏற்றிச் செல்கின்றார். முன்னாண்டு பட்டறையொன்றில் புதிதாய் மாட்டிய பம்பு எட்டுத் திங்களில் ஒழுகத் தொடங்கிற்று. வளைவிலே கைக்கு அடங்காத வண்டியிற் குழந்தைகளை ஏற்றுவதெங்ஙனம்? மீண்டும் கூலி கொடுக்கவும் இயலாமையால், ஒரு சனி ஞாயிறில் யாமும் எம் தமையனாரும் முற்றத்திலேயே அதனை மாற்றத் துணிந்தோம். நூற்பாக்களைப் புரட்டிப் பழகிய கையில் ஸ்பானர் முதலில் வழுக்கிற்று என்பதை மறைப்பானேன்?

எஞ்சினோடு பெல்ட்டாற் பிணைக்கப்பட்ட புல்லி சுழல, பம்பினுள் ஓர் உருளையும் சுழல்கின்றது. அவ்வுருளையின் பிளவுகளில் செருகிய மெல்லிய தகடுகள் சுழற்சியால் வெளித்தள்ளப்பட்டுக் கூட்டின் சுவரைத் தழுவியோடி எண்ணெயை நெருக்கித் தள்ளுகின்றன. அவ்வழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கு மேலும் ஏறும். ஆதலின் ஓடும் எஞ்சினில் ஒழுக்கைக் கையால் தடவித் தேடலாகாது. ஊசித்துளை வழிப் பாயும் எண்ணெய் தோலையும் துளைக்கும். அட்டைத் துண்டே அதற்குத் தக்கது.

ஒழுகுமிடம் பம்புதானா என்பதை முதலில் துணிதல் வேண்டும். ஓஸின் இணைப்பிற் கசிந்த எண்ணெய் பம்பின்மேல் வழிந்து, குற்றமற்ற பம்பைக் குற்றவாளியாக்குவதுண்டு. யாம் எல்லாவற்றையும் பனியன் வேஸ்டால் துடைத்துலர்த்தி, தமையனார் ஸ்டியரிங்கைத் திருப்ப, விளக்கொளியில் நோக்கினோம். புல்லிக்குப் பின்னுள்ள ஆயில் சீல் வழியே எண்ணெய் அரும்பிற்று. சீலை மட்டும் மாற்றலாமோவெனின், எஞ்சினை நிறுத்திப் புல்லியை அசைத்தபோது தண்டே ஆடிற்று. ஆடும் தண்டிற் புதுச் சீலும் நில்லாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்சக்கரங்களை உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்புதல் தகாது. பெல்ட் செல்லும் வழியைக் கழற்றுமுன் தாளில் வரைந்துகொண்டோம். தொல்லை தந்தது புல்லியே. தண்டில் இறுகச் செருகப்பட்ட அதனைச் சுத்தியால் அடித்தால் புல்லி வளையும். மாட்டும்போது அடித்தாலோ புதுப் பம்பின் உள்ளுறுப்பே கெடும். புல்லர் ஒன்றை இரவல் பெற்றுக் கழற்றவே சனிக்கிழமை மாலையாயிற்று. புதுப் பம்பில் புல்லியைத் தண்டின் நடுத் திருகுத்துளையிற் பொருந்தும் கருவியால் மெல்ல அழுத்தி ஏற்றினோம். ஓஸ் இணைப்பின் செப்பு வாசர்களும் புதியனவே.

திரும்பு ஓஸைக் கழற்றியபோதுதான் முன்னாண்டுப் பம்பு கெட்டதன் காரணம் விளங்கிற்று. மைபோற் கறுத்த எண்ணெயும் அதில் மின்னும் உலோகத் தூளும் வெளிவந்தன. பட்டறையிற் பம்பை மாற்றினரேயன்றிக் குழாய்களைக் கழுவினாரல்லர். அத்தூளே புதுப் பம்பின் தகட்டையும் தண்டையும் அரைத்திருத்தல் வேண்டும். அவ்வோஸைப் புட்டியில் விட்டு, மூடியிற் குறித்த வகை எண்ணெயையே டேங்கில் ஊற்றி, எஞ்சினை ஓட்டாது ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பித் தெளிந்த எண்ணெய் வருமளவும் கழுவினோம்.

பின்னர் ஓஸை மாட்டி, அவ்வாறே இருபது முறை மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். நுரை அடங்கியபின்னரே எஞ்சினை ஓட்டினோம். முதலில் எழுந்த முனகல் காற்றின் எச்சம். சிறிது நேரத்தில் ஓய்ந்தது.

திங்கட்கிழமை காலை தந்தையார் ஒற்றைக் கையால் வண்டியைத் தெருவுக்குத் திருப்பினார். மாலையில் வேன் மீண்டபின் அதனடியில் அட்டையொன்று விரித்தோம். மறுநாட் காலையில் அதிற் கறையொன்றும் இல்லை.