ஹைபிரிட் மகிழுந்தும் இயந்திர எண்ணெய்த் தேர்வும்



மாலை நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நெரிசலில் நிற்கும் வண்டிகளைக் கூர்ந்து கவனித்தால், அவற்றுள் சில ஓசையின்றி நிற்பதையும் ஓசையின்றியே முன்னகர்வதையும் காணலாம். அவை ஹைபிரிட் மகிழுந்துகள். பெட்ரோல் இயந்திரம் ஒன்றும் மின்மோட்டார் ஒன்றும் ஒரே வண்டியில் அமைந்து, தேவைக்கேற்ப மாறி மாறியும் சேர்ந்தும் உழைப்பதே அவற்றின் இயல்பு. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் மகிழுந்தாகும்.

மலேசிய அரசு 2011 முதல் 2013 இறுதி வரை, 2000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரியிலும் கலால் வரியிலும் முழு விலக்களித்தது. அக்காலத்தில்தான் இவ்வகை வண்டிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகின. பின்னர், 2022 ஜனவரியில், கிள்ளான் புக்கிட் ராஜா ஆலையில் பொருத்தப்பட்ட கொரோலா கிராஸ் ஹைபிரிட் விற்பனைக்கு வந்தது.

வரிவிலக்குக் காலத்தில் வாங்கப்பட்ட வண்டிகளுக்கு இன்று பத்தாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அவை கைமாறி, நிறுவனப் பராமரிப்பு நிலையங்களை விட்டு, அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகின்றன. அங்கே உரிமையாளர் இருவகை அறிவுரைகளைக் கேட்கிறார். ஒன்று: “நம் நாடு வெப்ப நாடு, தண்ணீர்போன்ற எண்ணெய் தாங்காது, கட்டியான எண்ணெயை ஊற்றுங்கள்.” மற்றொன்று: “இந்த வண்டி பாதி நேரம் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.” இரண்டும் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றன. ஆயினும், இரண்டும் ஒரே காரணத்தால் பிழைபடுகின்றன. ஹைபிரிட் இயந்திரத்தின் எண்ணெய்க்கு நேரும் பெரிய இடர், சூடு மிகுவதால் வருவதைவிடச் சூடு போதாமையால் வருவதே ஆகும். இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கறுப்பெண்ணெய் என்னும் பெயர்

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. பின்னர் அச்சொல் எல்லா வித்துக்களின் நெய்க்கும், நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நெய்க்கும் பொதுப்பெயராக விரிந்தது. மாட்டுவண்டியின் அச்சுக்கு இடுவதை நம் முன்னோர் மசகு என்றனர். மலேசியப் பட்டறைகளிலோ இனவேறுபாடின்றி அனைவரும் இயந்திர எண்ணெயை ‘மிஞாக் ஹித்தாம்’, அதாவது கறுப்பெண்ணெய் என்றே கூறுகின்றனர். புதிய எண்ணெய் கறுப்பன்று, தேன்நிறம் உடையது. புகைக்கரியும் தேய்மானத் துகளும் கலந்தபின்னரே அது கறுக்கிறது. அப்பெயரே நம்மிடம் ஒரு பழக்கத்தையும் வளர்த்துவிட்டது: எண்ணெய் கறுத்தால்தான் கெட்டது என்று கருதுகிறோம். நீரும் பெட்ரோலும் கலந்து கெடும் எண்ணெய், கறுப்பு நிறத்தால் தன் கேட்டைக் காட்டாது. ஹைபிரிட் வண்டியில் இது மறக்கக்கூடாத செய்தி.

இயந்திர எண்ணெய் நான்கு பணிகளைச் செய்கிறது. உராயும் உலோகப் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. அழுக்கைத் தன்னுள் ஏந்தி வடிகட்டிக்குக் கொண்டு சேர்க்கிறது. அமிலங்களை முறித்துத் துருவைத் தடுக்கிறது. அதன் தடிப்பு முதற்பணிக்கு மட்டுமே நேராகத் தொடர்புடையது. ஏனைய மூன்றும் எண்ணெயின் தரத்தையும் அதிற்கலந்த சேர்மானங்களையும் பொறுத்தவை.

கலத்தின்மீதுள்ள எண்கள்

எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்கிறோம். வெல்லப்பாகு அடுப்பில் இருக்கும்போது நீராக ஓடுகிறது. ஆறியபின் கம்பியாக இழுபடுகிறது. எண்ணெயும் அவ்வாறே. ஆதலின், ஓர் எண்ணெயின் தடிப்பைக் கூறும்போது எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

0டபிள்யூ-20 என்னும் குறியீட்டில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இளகி ஓடும் என்பதைக் கூறுகிறது. 0டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழ் 35 டிகிரி செல்சியசிலும், 10டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழ் 25 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. பின்னுள்ள எண், இயந்திரம் நன்கு சூடேறிய நிலையைக் குறிப்பது. எஸ்.ஏ.இ. அமைப்பின் தரநிலைப்படி 100 டிகிரி செல்சியசில் 20 வகை எண்ணெயின் பாகுநிலை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்கு உட்பட்டும், 40 வகையினது 12.5 முதல் 16.3க்கு உட்பட்டும் அமையவேண்டும்.

கோலாலம்பூரில் இரவு வெப்பநிலை 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அங்ஙனமாயின் கடுங்குளிர் எண் நமக்கு எதற்கு என்று மாணவர் ஒருவர் வினவலாம். வினா முறையானதே. 24 டிகிரி நமக்குக் கதகதப்பானது. 100 டிகிரியில் இயங்குமாறு வகுக்கப்பட்ட எண்ணெய்க்கோ அதுவும் குளிர்தான். 40 டிகிரி வெப்பத்தில்கூட 10டபிள்யூ-40 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைவிட ஏறத்தாழ இருமடங்கு கட்டியாக இருக்கும். விடியற்காலையில் இயந்திரம் கிளம்பும் முதல் நொடிகளில், எண்ணெய் குறுகிய வழிகளினூடே மேலேறி உச்சிப் பகுதிகளை விரைந்து எட்டவேண்டும். அந்நொடிகளில் மெல்லிய எண்ணெயே விரைந்து உதவும்.

ஹைபிரிட் இயந்திரத்தின் தனியியல்பு

வழக்கமான மகிழுந்தில் இயந்திரம் ஒருமுறை கிளம்பினால் பயணம் முடியும்வரை ஓடுகிறது. ஹைபிரிட் மகிழுந்திலோ ஒரே பயணத்தில் அது பலமுறை நிற்கிறது, பலமுறை கிளம்புகிறது. டொயோட்டா அமைப்பில், மின்மோட்டார் இயந்திரத்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1000 சுற்று வேகத்துக்குச் சுழற்றிய பின்னரே எரிபொருள் செலுத்தப்படுகிறது. ஆதலால் ஒவ்வொரு தொடக்கமும் மென்மையானதே. எனினும், எண்ணெய்ப் படலம் மீண்டும் மீண்டும் புதிதாக உருவாகவேண்டியிருக்கிறது. கட்டியான எண்ணெய் இவ்வேலையைத் தாமதப்படுத்துகிறது.

இதனினும் முதன்மையானது நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயுடன் கலக்கும். எரியாத பெட்ரோலிலும் ஒரு சிறுபகுதி அவ்வாறே கலக்கும். இயந்திரம் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினால் இவ்விரண்டும் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே நீங்கும். சூடேறுமுன்னரே இயந்திரம் நின்றுவிட்டால் அவை எண்ணெயிலேயே தங்கிவிடும். நீர், எண்ணெயைப் பால்போன்ற கூழாக்கி அமிலத்தையும் துருவையும் தூண்டுகிறது. பெட்ரோல் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது.

இரு உரிமையாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் 30 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோலாலம்பூருக்கு வருகிறார். மற்றவர் பிரிக்பீல்ட்சிலேயே குடியிருந்து, பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஆண்டிறுதியில் முன்னவரின் வண்டி பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். பின்னவரின் வண்டி அதில் ஒரு சிறுபகுதியே ஓடியிருக்கும். ஆயினும் கெட்ட எண்ணெய் பின்னவரிடமே இருக்க வாய்ப்பு மிகுதி. முன்னவரின் எண்ணெய் நாள்தோறும் சூடேறித் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. பின்னவரின் எண்ணெய்க்கு அந்த வாய்ப்பே கிட்டவில்லை.

நம் நாட்டு வெப்பம் பற்றிய வாதம்

‘வெப்ப நாட்டுக்குக் கட்டி எண்ணெய்’ என்னும் கருத்துக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. பழைய இயந்திரங்களின் இடைவெளிகள் பெரியவை. அக்கால எண்ணெய்கள் சூட்டில் விரைவில் இளகின. இன்றைய நிலை வேறு. வெளியே பனி பெய்தாலும் 33 டிகிரி வெயில் அடித்தாலும், குளிர்நீரின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி அளவில் நிறுத்துகிறது. இயந்திரத்தினுள் எண்ணெய் அடையும் வெப்பத்தைத் தீர்மானிப்பவை இயந்திரத்தின் சுமையும் இந்தக் கட்டுப்பாடுமே. வானிலையின் பங்கு சிறிது. இடையிடையே நின்று ஓய்வெடுக்கும் ஹைபிரிட் இயந்திரத்தில் எண்ணெய் மிகைச் சூட்டை எட்டும் வேளை மேலும் குறைவு.

பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்துப்போகுமாயின், தொடக்கத்திலேயே சற்றுக் கட்டியானதை ஊற்றினால் என்ன என்று வினவுவாரும் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 150 டிகிரி வெப்பத்தில் கடும் தேய்ப்புக்கு உட்படும்போது எண்ணெய் காக்கவேண்டிய குறைந்தஅளவுப் பாகுநிலை, 20 வகைக்கு 2.6, 30 வகைக்கு 2.9 மில்லிபாஸ்கல்-வினாடி என வரையறுக்கப்பட்டுள்ளது. நெடுஞ்சாலையில் விரைந்தும் பாரமேற்றியும் செல்லும் வண்டிக்கு ஒருபடி கட்டியான எண்ணெய் பொருந்தலாம் என்று சில உரிமையாளர் கையேடுகளே கூறுகின்றன. கையேட்டின் பட்டியலில் 5டபிள்யூ-30 இடம்பெற்றிருந்தால் அதனைத் தேர்வதில் தவறில்லை. பட்டியலில் இல்லாத 40 வகைக்குத் தாவுவது வேறு. அது எரிபொருள் சிக்கனத்தைக் குறைக்கும். நீரையும் பெட்ரோலையும் எண்ணெயிலிருந்து அகற்றாது. கலப்படத்துக்கு மருந்து, காலத்தில் மாற்றுவதே.

தேர்வு செய்யும் முறை

முதலாவதாக, உரிமையாளர் கையேட்டைத் திறந்து பாகுநிலைக் குறியீட்டைக் காண்க. ஒரே பெயருள்ள வண்டிக்கும் தலைமுறைதோறும் இது மாறும். இரண்டாம் தலைமுறைப் பிரியசுக்கு 5டபிள்யூ-30 குறிக்கப்பட்டது; மூன்றாம் தலைமுறைக்கு 0டபிள்யூ-20 வந்தது; பின்வந்த சில இயந்திரங்களுக்கு 0டபிள்யூ-16 பரிந்துரைக்கப்படுகிறது.

இரண்டாவதாக, தரச்சான்றைப் பார்க்க. ஏ.பி.ஐ. எஸ்.பி. வகையும் இல்சாக் ஜி.எப்-6 வகையும் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2025 மார்ச் இறுதியில் ஏ.பி.ஐ. எஸ்.கியூ. வகையும் இல்சாக் ஜி.எப்-7 வகையும் வந்தன. கையேடு கூறும் வகைக்குப் பிந்திய வகையைப் பொதுவாகப் பயன்படுத்தலாம், முந்தியதைத் தவிர்க்க. ‘ஹைபிரிட் எண்ணெய்’ என்று கலத்தின்மீது பெரிதாக அச்சிட்டிருப்பது மட்டும் தரச்சான்று ஆகாது, ஏ.பி.ஐ. வகைப்பாட்டில் ஹைபிரிட் வண்டிக்கெனத் தனிவகை இல்லை.

மூன்றாவதாக, அளவைக் காண்க. வடிகட்டியும் மாற்றும்போது இரண்டாம் தலைமுறைப் பிரியசுக்கு வேண்டியது 3.7 லிட்டர், மூன்றாம் தலைமுறைக்கு 4.2 லிட்டர். கடையில் பெரும்பாலும் கிடைப்பது 4 லிட்டர்க் கலம். அதை முழுவதும் கவிழ்த்தால் முன்னதற்கு மிகும், பின்னதற்குக் குறையும். ஆதலின் அளவுக் கம்பியைப் பார்த்தே ஊற்றுதல் வேண்டும்.

நான்காவதாக, வாங்கும் இடத்தைத் தெரிந்து வாங்குக. போலி எண்ணெய் பறிமுதலான செய்திகள் இந்நாட்டு நாளேடுகளில் பலமுறை வந்துள்ளன. மூடியின் முத்திரை உடைந்திருந்தாலோ, விலை பிற கடைகளைவிட மிகக் குறைந்திருந்தாலோ விலகிச் செல்வதே நன்று.

மாற்றும் காலமும் கவனமும்

10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இவற்றுள் எது முன்வருகிறதோ அப்போது என்னும் விதியை இந்நாட்டுப் பராமரிப்பு அட்டவணைகளில் பரவலாகக் காணலாம். நம்மில் பலர் கிலோமீட்டரை மட்டுமே நினைவில் கொள்கிறோம். குறுந்தூரம் ஓட்டுவோர்க்கு மாதக் கணக்கே உயிர்நாடி. மாதம் ஒருமுறை அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்க. எண்ணெய் குறைவது மட்டுமே கேடு என்பதில்லை. மேற்கோட்டையும் தாண்டி உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், அது கலப்படத்தின் அறிகுறி. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தடையின்றி நெடுஞ்சாலையில் ஓட்டுவது, எண்ணெயிலுள்ள நீரும் பெட்ரோலும் வெளியேற உதவும்.

ஓர் எச்சரிக்கை. ஹைபிரிட் வண்டி ஓசையின்றி இருப்பதால் அணைந்துவிட்டதென எண்ணலாகாது. மின்கலத்தின் தேவைக்கேற்ப இயந்திரம் தானாகவே கிளம்பக்கூடும். முன்மூடியைத் திறக்குமுன் வண்டியை முற்றிலும் அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்தல் வேண்டும். வடித்தெடுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் அது எஸ்.டபிள்யூ. 305 எனப் பட்டியலிடப்பட்ட கழிவாகும். சாக்கடையில் ஊற்றியது ஈற்றில் கிள்ளான் ஆற்றைத்தான் சேரும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். கட்டியான பாகு சிறிதளவை இரு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றைக் குளிர்பெட்டியிலும் மற்றொன்றை வெந்நீர்ப் பாத்திரத்திலும் வைத்துப் பின்னர்ச் சாய்த்துக் காட்டினால், பாகுநிலை என்னும் சொல் மாணவர் மனத்தில் பதிந்துவிடும். அம்மாணவரே வீட்டிற்குச் சென்று, வண்டியின் கையேட்டைத் தந்தையிடமோ தாயிடமோ வாங்கி, எண்ணெய்ப் பக்கத்தைத் தேடி வாசிக்கட்டும். அடுத்தமுறை பட்டறையில் “எந்த எண்ணெய் ஊற்றலாம்?” என்னும் வினா எழும்போது, அவ்வீட்டார்க்கு விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும்.