கிரிக்கெட் ஆடுறவங்க கோல்ஃப் ஆடினா என்ன ஆகும்? இடுப்பு உதவும்... கை கெடுக்கும்! முழு விளக்கம்

2023 நவம்பர் 7, மும்பை வான்கடே மைதானம். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான உலகக்கோப்பை ஆட்டத்தில் 292 ரன்களைத் துரத்திய ஆஸ்திரேலியா, 91 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்து தவித்தது. களத்தில் இருந்த கிளென் மேக்ஸ்வெல்லுக்குக் கடுமையான தசைப்பிடிப்பு. ஓட முடியவில்லை. காலை முன்னே எடுத்து வைக்கவே சிரமம். ஆனாலும் நின்ற இடத்தில் நின்றபடியே பந்துகளைப் பறக்கவிட்டார். 128 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 201 ரன்கள், 10 சிக்ஸர்கள், ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அகமதாபாத்தில் கோல்ஃப் வண்டியில் இருந்து தவறி விழுந்து தலையில் அடிபட்டு, நவம்பர் 4-ல் நடந்த இங்கிலாந்து ஆட்டத்தைத் தவறவிட்டிருந்தார் மேக்ஸ்வெல்.

காலை நகர்த்தாமல், இடுப்பைச் சுழற்றி, கையை வீசி பந்தைத் தூக்கி அடிப்பது. கேட்டால் கோல்ஃப் ஆட்டத்தின் வரையறை மாதிரியே இருக்கிறது, இல்லையா? அப்படியானால் கிரிக்கெட் ஆடுபவருக்கு கோல்ஃப் சுலபமாக வந்துவிடுமா? கோல்ஃப் ஆடினால் பேட்டிங் மேம்படுமா, கெட்டுப்போகுமா? பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• இடுப்பு, தோள், சமநிலை: இரண்டு ஆட்டத்துக்கும் பொது. ஒன்றில் பழகியது இன்னொன்றில் கைகொடுக்கும்.
• கை, மணிக்கட்டு, கால் நகர்வு: இரண்டு ஆட்டத்துக்கும் நேரெதிர். ஒன்றின் பழக்கம் இன்னொன்றில் காலை வாரும்.

எது ஒத்துப்போகிறது?

ஒரு பந்தை வேகமாக அடிக்க, பலம் கையில் இருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தரையில் இருந்து தொடங்குகிறது. கால் தரையை அழுத்துகிறது, இடுப்பு திரும்புகிறது, பின்னாலேயே மார்பும் தோளும் திரும்புகின்றன. கடைசியாகத்தான் கையும் மணிக்கட்டும் வருகின்றன. சாட்டையைச் சுழற்றும்போது நுனி வேகமாகப் பாய்வது போல, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

டி20-யில் லாங் ஆன் பக்கம் அடிக்கும் சிக்ஸருக்கும், கோல்ஃபில் டிரைவர் கிளப்பால் அடிக்கும் முதல் அடிக்கும் இந்த வரிசை ஒன்றுதான். அதனால்தான் நன்றாக பேட்டிங் ஆடத் தெரிந்த ஒருவர், முதல்முறை கோல்ஃப் கிளப்பைத் தொட்டாலும் பந்தைத் தூரமாக அடித்துவிடுகிறார்.

தூரம் சரி. திசை? இங்கதான் சிக்கல்.

பந்து ஏன் வலது பக்கம் வளைகிறது?

முதல்முறை கோல்ஃப் ஆடும் வலது கை கிரிக்கெட் வீரர்கள் பலருக்கும் நடப்பது இதுதான்: பந்து நேராகக் கிளம்பி, வாழைப்பழம் போல வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் போய்விடும். கோல்ஃபில் இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர்.

காரணம், சின்ன வயதிலிருந்து கோச் சொல்லிக்கொடுத்த 'ஸ்ட்ரெய்ட் பேட்'.

கிரிக்கெட்டில் டிரைவ் ஆடும்போது முன் முழங்கை உயரமாக இருக்க வேண்டும். மேல் கைதான் வழிநடத்த வேண்டும். பேட்டின் முகம் கடைசி வரை பந்து வந்த திசையையே பார்க்க வேண்டும். கீழ் கை புகுந்து முகத்தைத் திருப்பிவிட்டால் கேட்ச்தான். எனவே மணிக்கட்டைத் திருப்பாமல் பிடித்து வைப்பது பேட்ஸ்மேனின் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

கோல்ஃபில் நிலைமை வேறு. பந்து தரையில் இருக்கிறது, ஆட்டக்காரர் அதற்குப் பக்கவாட்டில் நிற்கிறார். கிளப் செங்குத்தாக அல்ல, சாய்வான வட்டத்தில் சுழன்று வருகிறது. பின்னால் போகும்போது கிளப்பின் முகம் திறக்கும், முன்னால் வரும்போது முன்கை புரண்டு மெல்ல மூடும். பந்தைத் தொடும் நொடியில் முகம் நேராக வந்து சேர வேண்டும். பேட்ஸ்மேன் பழக்க தோஷத்தில் கையைப் புரளவிடாமல் பிடித்துக்கொண்டால், முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கும். பந்து பக்கவாட்டில் சுழன்று வலது பக்கம் வளைந்து ஓடும்.

கட் ஷாட், கவர் டிரைவ் பிரியர்களுக்கு இன்னொரு தொல்லை. தோள் முதலில் பாய்ந்து, கிளப் வெளியில் இருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஸ்லைஸ் இன்னும் மோசமாகும்.

கிரிக்கெட்டில் இந்தத் தவறு ஏன் தெரிவதில்லை?

ஒரு சின்ன கணக்கு. பேட் முகம் 5 டிகிரி விலகியதால் பந்தும் 5 டிகிரி விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 மீட்டர் தூரத்தில் இருக்கும் பவுண்டரியை அடையும்போது, நினைத்த இடத்தில் இருந்து சுமார் 6 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அங்கே ஃபீல்டர் இல்லை என்றால் அதுவும் நாலு ரன்தான். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கோல்ஃபில் அதே 5 டிகிரி, 200 மீட்டர் தூரத்தில் சுமார் 17 மீட்டர் விலகல். ஆடுவதற்கு ஏற்ற புல்தரையின் அகலமே பல இடங்களில் 30 மீட்டர்தான் இருக்கும். நடுவில் குறிவைத்த பந்து ஓரத்தைத் தாண்டிவிடும். பந்தின் சுழற்சியால் வரும் வளைவைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு.

கருவிகளும் வேறு. கிரிக்கெட் பேட் 96.5 செ.மீ. நீளத்துக்கு மேல் இருக்கக்கூடாது. எடை பொதுவாக ஒரு கிலோவுக்கு மேல். கோல்ஃப் டிரைவர் கிட்டத்தட்ட 300 கிராம்தான், ஆனால் ஒரு மீட்டரைவிட நீளம். கனமான பேட்டைத் தூக்கிப் பழகிய கை, லேசான கிளப்பை முரட்டுத்தனமாக இறுக்கிப் பிடிக்கும். பிடி இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

கிரிக்கெட்டால் கோல்ஃபுக்கு லாபமே இல்லையா?

உண்டு. தரையோடு டிரைவ் ஆடும்போது கை முன்னாலும் பேட்டின் அடிப்பகுதி சற்றுப் பின்னாலும் இருக்கும். பந்து மேலே எழும்பாமல் இருக்க இதுதான் வழி. கோல்ஃபில் 'அயர்ன்' வகை கிளப்புகளை ஆடும்போது கிட்டத்தட்ட இதேதான் தேவை: கை முன்னே, கிளப் முதலில் பந்தைத் தொட்டு, பிறகு புல்லைத் தொட வேண்டும். புதிதாக வரும் மற்றவர்கள் பந்துக்கு முன்பே தரையைத் தோண்டும்போது, கிரிக்கெட் வீரர் சுத்தமாக அடிப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் டிரைவர் கிளப்பில் பந்தைச் சின்ன ஆப்பின்மேல் வைத்து, சற்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். அங்கே முன்பக்கம் சாயும் அதே பழக்கம் இடைஞ்சல். பேட்ஸ்மேன் முன்னங்காலை நோக்கித் தலையைக் கொண்டுபோவார். கோல்ஃபில் தலை கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்க, உடல் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும்.

இந்தத் தடைகளை எல்லாம் தாண்டலாம் என்பதற்கு உதாரணம் கபில் தேவ். கிரிக்கெட்டில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃபில் இறங்கியவர், 2018-ல் ஜப்பானில் நடந்த ஆசிய பசிபிக் சீனியர் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினார். 2024-ல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐ-யின் தலைவரும் ஆனார்.

சரி, கோல்ஃப் ஆடினால் பேட்டிங் என்ன ஆகும்?

நல்லது முதலில். டி20 பேட்டிங் இப்போது கோல்ஃபை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கிரீஸுக்குள் ஆழமாக நின்று, காலை அகட்டி அடித்தளம் போட்டு, முன்னங்காலை விலக்கி இடுப்புக்கு வழிவிட்டு, கையை முழுசாக நீட்டி அடிப்பதுதான் இன்றைய பவர் ஹிட்டிங். இந்த வரிசையை கோல்ஃப் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறது. அவசரப்பட்டுக் கையை முதலில் வீசினால் பந்து எங்கே போகும் என்பதை உடனே காட்டிவிடுகிறது. அடித்து முடித்த பிறகும் உடல் தடுமாறாமல் நிற்கும் சமநிலையும் பேட்டிங்கிற்கு அப்படியே பயன்படும்.

கெட்டது? மூன்று விஷயங்கள்.

ஒன்று, கால். கோல்ஃபில் அடிக்கும் முன் காலை நகர்த்தவே கூடாது. பேட்டிங்கில் காலை நகர்த்தாவிட்டால் திரும்பும் சுழற்பந்தும், ஸ்விங் ஆகும் புதுப்பந்தும் விட்டுவைக்காது. மேக்ஸ்வெல் ஆடியது விதிவிலக்கு. அதை எல்லோரும் பாடமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு, கை. கோல்ஃபில் முகத்தை மூடப் பழகிய கீழ் கை, பேட்டையும் அப்படியே திருப்பும். நேராக ஆட வேண்டிய பந்து மிட்விக்கெட் பக்கம் இழுபடும். பந்து கொஞ்சம் வெளியே போனால் முன் விளிம்பில் பட்டு மேலே எழும்பும். உள்ளே வந்தால் எல்பிடபிள்யூ.

மூன்று, முடிவெடுக்கும் நேரம். கோல்ஃப் பந்து காத்திருக்கும். எப்போது அடிப்பது என்பது ஆட்டக்காரர் கையில். 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு பேட்ஸ்மேனிடம் இருப்பது சுமார் அரை நொடி. 'இதைத்தான் அடிக்கப்போகிறேன்' என்று முன்கூட்டியே முடிவெடுக்கும் கோல்ஃப் மனநிலையோடு கிரீஸில் நின்றால், பந்து வேறு எங்காவது விழுந்திருக்கும்.

பல வருடம் ஆடி ஊறியவர்கள் இரண்டையும் மனதுக்குள் தனித்தனி அறையில் வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்து அணியினர் டெஸ்ட் தொடருக்கு நடுவிலேயே கோல்ஃப் ஆடிவிட்டு வருவது இதனால்தான் பெரிய பிரச்சினை ஆவதில்லை. ஸ்ட்ரெய்ட் பேட்டே இன்னும் முழுசாகப் படியாத 13, 14 வயதுப் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் திணித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இடது கை பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் ஆடுவது?

வலது கையில் எழுதி, வலது கையில் பந்து வீசி, இடது கையில் பேட்டிங் ஆடுபவர்கள் ஏராளம். கங்குலி, பென் ஸ்டோக்ஸ் இந்த வகை. இவர்களுடைய வலுவான கை பேட்டின் மேற்பகுதியைப் பிடித்திருக்கும். தொழில்முறை பேட்ஸ்மேன்களிடம் இந்த 'மாற்றிப் பிடிக்கும்' பழக்கம், கிரிக்கெட் அனுபவம் இல்லாதவர்களைவிட சுமார் 7 மடங்கு அதிகம் காணப்படுவதாக 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. கோல்ஃபிலும் இதற்கு உதாரணம் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் வலது கையைப் பயன்படுத்தும் பில் மிக்கெல்சன், கோல்ஃப் மட்டும் இடது கை பாணியில் ஆடி முக்கியப் பட்டங்களை வென்றவர்.

இடது கை பேட்ஸ்மேன் கோல்ஃபையும் இடது கையில் ஆடினால் இடுப்பு வேகம் உடனே கிடைக்கும், கூடவே பழைய பழக்கங்களும் வரும். வலது கையில் தொடங்கினால் எல்லாமே புதுசு, முன்னேற்றம் மெதுவாக இருக்கும். ஆனால் பேட்டிங்கோடு மோதல் குறையும்.

முதுகு பத்திரம்!

இரண்டு ஆட்டமும் உடலை ஒரே பக்கமாக முறுக்குகின்றன. கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அடிக்கடி வரும் புகார் கீழ்முதுகு வலி. வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் அதே இடம்தான் பலவீனம். சனிக்கிழமை 10 ஓவர் வீசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிரைவரைச் சுழற்றுபவர்கள் யோசிக்க வேண்டும்.

கோல்ஃப் மைதானத்தில் விபத்துகளும் நடந்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் கோல்ஃப் ஆடப்போன இடத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததால், உச்சகட்ட ஃபார்மில் இருந்த ஜானி பேர்ஸ்டோ அந்த ஆண்டு டி20 உலகக்கோப்பையை இழந்தார். அடுத்த மாதமே சிட்னியில் கோல்ஃப் கிளப் உடைந்து கை கிழிந்ததால், ஆஸ்திரேலியாவின் ஜோஷ் இங்லிஸும் அதே உலகக்கோப்பையில் இருந்து வெளியேறினார்.

இரண்டையும் ஆட ஆசையா? இதைச் செய்யுங்க

• பிடியை மாற்றுங்கள். பேட் பிடிப்பது போல கிளப்பைப் பிடிக்காதீர்கள். கோல்ஃபில் இரண்டு கையும் ஒன்றோடொன்று கோத்தோ, ஒன்றின்மேல் ஒன்று படிந்தோ இருக்கும். பிடி வேறு என்றாலே 'இது வேற ஆட்டம்' என்று கைக்குப் புரிந்துவிடும்.
• டிரைவரை முதலில் தொடாதீர்கள். சின்ன அயர்ன் கிளப்பில், இடுப்பு உயரம் வரை மட்டும் அரை வீச்சில் 20 பந்துகள் அடியுங்கள். கை புரள்வது அப்போதுதான் பழகும்.
• இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டு மெதுவாக அடித்துப் பழகுங்கள். முன்னே பாய்ந்தால் தடுமாறுவீர்கள். தவறு உடனே தெரியும்.
• மேட்ச்சுக்கு முந்தைய நாள் கோல்ஃப் வேண்டாம். ஆடியே தீர வேண்டும் என்றால், மேட்ச் அன்று காலை த்ரோ டவுன் பந்துகளைக் காலை நகர்த்தி, நேர் பேட்டில் தரையோடு ஆடிவிட்டு இறங்குங்கள்.
• இரண்டுக்கும் முன்பு 10 நிமிடம் இடுப்பு, முதுகு வார்ம் அப் கட்டாயம். வலி இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் கிளப்பையோ பேட்டையோ எடுக்காதீர்கள்.

அடுத்த முறை கோல்ஃப் பந்து வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போனால், பலம் போதவில்லை என்று இன்னும் வேகமாக வீசாதீர்கள். வேகத்தைக் கொடுக்க இடுப்பு ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறது. கையை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.