மடிப்பில் இருக்கிறது விஷயம்

ராசா, பத்தாங் காலி பக்கத்துத் தோட்டங்களில் இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில், வாசல் சிமெண்டில் ஒரு புழு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். மண்புழு மாதிரி உருண்டையாக இருக்காது, தட்டையாக இருக்கும். வெளிர் பழுப்பு உடம்பில் நீளவாக்கில் கருங்கோடுகள். தலை மட்டும் அரைவட்டமாக விரிந்திருக்கும். போன வழியெல்லாம் வழவழப்பு மினுங்கும். மண்புழுவைத் தேடிப் பிடித்துத் தின்கிற தட்டைப்புழு அது. பைபாலியம் என்கிற பேரினம். அருவருப்புப்பட்டு மண்வெட்டியால் இரண்டாக நறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நறுக்கினால் சாகாது. தலைத்துண்டு வாலை வளர்த்துக்கொள்ளும், வால்துண்டு தலையையே வளர்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் இரண்டு புழுக்கள் ஊரும்.

வாலுக்குத் தலையை உண்டாக்கத் தெரிந்தது எப்படி? நல்ல கேள்வி. பதில் சற்று நீளம். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகவே பேசுவோம்.

தாமஸ் ஹன்ட் மோர்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1898-இல் நன்னீர்த் தட்டைப்புழுக்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். முழுப் புழுவில் 279-இல் ஒரு பங்கு இருந்தாலே போதும், அது முழுப் புழுவாக வளரும் என்று எழுதி வைத்தார். இதற்குக் காரணம் புழுவின் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் குருத்தணுக்கள். வளர்ந்த புழுவில் இரண்டாகப் பிரிந்து பெருகக்கூடியவை இவை மட்டும்தான். தோல், குடல், நரம்பு, கண் எதுவாகவும் இவை மாறும். 2011-இல் பீட்டர் ரெட்டியன் குழு, கதிர்வீச்சால் குருத்தணு அத்தனையும் செத்துப்போன ஒரு புழுவுக்குள் வேறொரு புழுவின் ஒரே ஒரு குருத்தணுவை வைத்தது. சாகவேண்டிய புழு பிழைத்துக்கொண்டது. ஒரே ஓர் அணு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிற சோதனை இது.

சரி, எல்லா அணுவிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. தோலணுவிலும் அதே எழுத்து, நரம்பணுவிலும் அதே எழுத்து. பிறகு ஏன் ஒன்று தோலாக நிற்கிறது, ஒன்று குருத்தாகவே காத்திருக்கிறது? இங்கேதான் டிஎன்ஏ எப்படிக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மனித உயிரணு ஒன்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அதை அடக்கி வைத்திருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு நீள இழையை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின்மேல் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே அடக்க முடிகிறது. பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தானை உள்மடிப்புக்குள் போய்விட்டால் அதிலுள்ள வேலைப்பாடு யார் கண்ணுக்கும் படாது. புடவை என்னவோ முழுசாகத்தான் இருக்கிறது. அதே மாதிரிதான், இறுகச் சுற்றிய இடத்திலுள்ள மரபணுவை அணுவால் படிக்க முடியாது. தளர்ந்திருக்கும் இடத்தைத்தான் படிக்கும். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதற்கு ஹிஸ்டோன்களின்மேல் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்கள் ஒட்டப்படுகின்றன. அவற்றை ஒட்டுவதற்கும் எடுப்பதற்கும் தனித்தனிப் புரதங்கள் உண்டு.

அந்தப் புரதங்களில் ஒன்று வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆக்ஸ்போர்டில் அஸீஸ் அபூபக்கர் குழு 2018-இல் இதைப் புழுவிலேயே செய்து காட்டியது. எம்எல்எல் 3/4 என்ற, மடிப்பைத் திறக்க உதவும் புரதத்தின் உற்பத்தியை அடக்கினார்கள். குருத்தணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகின. ஆனால் ஒழுங்காகத் தோலாகவோ நரம்பாகவோ மாறவில்லை. புழுவின் உடம்பில் கட்டி போலப் புடைப்புகள் எழுந்தன. டிஎன்ஏவின் எழுத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மனிதர்களுக்கு வரும் பல புற்றுநோய்களில் பழுதாகிக் கிடப்பதும் இதே குடும்பத்துப் புரதம்தான். புழு ஆராய்ச்சியால் நமக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதே குழு இன்னொன்றும் கண்டது. குருத்தணுவில் பல மரபணுக்கள்மேல் ‘திற’ என்ற அடையாளமும் ‘மூடு’ என்ற அடையாளமும் சேர்ந்தே இருக்கின்றன. தேவை வரும்வரை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற ஏற்பாடு. பாலூட்டிகளின் குருத்தணுக்களிலும் இப்படியே இருக்கிறது.

புழுவை விட்டு இனிச் செம்பனைக்கு வருவோம். நம் வட்டாரத்துக்கு இது சொந்தக் கதை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எழுந்ததே கோலசிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமாரம் தோட்டத்தில்தான். பின்னாளில், நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் இளந்திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அச்சு அசலாக அதே மரத்தை நூற்றுக்கணக்கில் உண்டாக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1980-களில் அந்த நம்பிக்கையில் அடி விழுந்தது. அப்படி வளர்த்த மரங்கள் சிலவற்றில் பழம் விகாரமாக வந்தது. பழத்தைச் சுற்றி உதடு உதடாகச் சதை முளைத்து மூடிக்கொள்ளும், எண்ணெய் தேறாது, பழுக்குமுன்பே குலை வீணாவதும் உண்டு. கன்று நட்டு, காய்ப்புக்கு வரும் மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் இது தெரியும். அதுவரை போட்ட உரம், கூலி, நிலம் எல்லாம் போனது போனதுதான்.

இத்தனைக்கும் தாய்மரத்தின் டிஎன்ஏ எழுத்தும் கெட்ட மரத்தின் டிஎன்ஏ எழுத்தும் ஒன்றே. சில மரங்கள் ஆண்டுகள் கழித்துத் தானாகவே திருந்தவும் செய்தன. எழுத்துப் பிழையாக இருந்தால் திருந்துமா?

முடிச்சு அவிழ்ந்தது 2015-இல். மலேசியச் செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ராஜிந்தர் சிங் ஆகியோர் அமெரிக்காவின் ராபர்ட் மார்ட்டியன்சன் முதலியோருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவுக்குள் ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட டிஎன்ஏ துண்டு ஒன்று கிடக்கிறது. நல்ல மரத்தில் அதன்மேல் மெத்தில் என்ற ரசாயன அடையாளம் அடர்த்தியாகப் படிந்து அதை அடக்கி வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத் திசு வளர்ப்பில் அந்த அடையாளம் உதிர்ந்துபோனால், மரபணுவின் செய்தி பாதியிலேயே அறுந்துவிடுகிறது, பழம் கெடுகிறது. தட்டைப்புழுவிடம் டிஎன்ஏமேல் நேரடியாக மெத்தில் ஒட்டும் வழக்கம் இல்லை, அது ஹிஸ்டோன்களை வைத்தே காரியம் பார்க்கிறது. செம்பனைக்கு இரண்டும் உண்டு. வழி வேறு வேறு. எதைப் படிப்பது, எதை அடக்கி வைப்பது என்ற கேள்வி ஒன்றே.

இப்போது கன்றாக இருக்கும்போதே இலைத்துணுக்கில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று சோதித்து, கெடக்கூடிய கன்றை முன்கூட்டியே கழித்துவிட முடியும். மூன்று தலைமுறை குலை வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு செம்பனை வாரியத்தின் இந்த ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று தெரிய வேண்டும். பாங்கியில், இதே சிலாங்கூர் மாநிலத்தில். உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், படிவம் ஐந்து முடிந்ததும் அறிவியலைக் கைவிட விடாதீர்கள். ராசாவில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் மாறினால் பாங்கி பக்கம் போய்விடலாம்.