தாதி சான்றிதழ் கிடைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம்

மகளை நேர்ஸிங் படிக்க விட்டிருப்பதாகவும், முடித்ததும் நல்ல வேலை காத்திருப்பதாகவும் சொல்லும் வர்த்தகச் சகோதரர்கள் இப்போது அதிகம். நல்ல விடயம்தான். அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃது பின் முஆத் (ரழி) அவர்களுக்குச் சிகிச்சையளித்த ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தை அறிந்த சமூகத்துக்கு இத்தொழிலின் சிறப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சரக்கு எடுக்க நாலு கடை ஏறி இறங்கும் நாம், பிள்ளையின் பாடநெறிக்கு இலட்சக்கணக்கில் கட்டும்போது ஒரு துண்டுப்பிரசுரத்தோடு திருப்திப்பட்டு விடுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது பதிவு. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைத் தாதியர் சபை இயங்குகிறது. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் பயின்றவருக்கும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம் பெற்றவருக்கும் வழி தெளிவானது. தனியார் நிறுவனமென்றால், இப்பாடநெறி முடித்தவர் சபையில் பதிய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது. பதிவில்லாவிட்டால் உதவியாளர் சம்பளத்தோடு நின்றுவிட நேரும்.

பதிவு கிடைத்தாலும் முதல் வருடம் இலேசானதல்ல. வகுப்பில் ஒரு நோயாளியை வைத்துப் படித்த பிள்ளை, வார்டில் ஒரே நேரத்தில் பல கட்டில்களுக்குப் பொறுப்பாகிறாள். மருந்தின் அளவு பிழைத்தால் உயிர் போகும் என்ற பயம், இரவுக் கடமை, மூத்தவர்களின் அதட்டல், தமிழ் மட்டும் தெரிந்தவளுக்குச் சிங்களத்தில் வரும் கட்டளைகள். அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் 1974இலேயே இந்த அதிர்ச்சியைப் பற்றித் தனி நூல் எழுதினார். இந்நேரத்தில் "வேண்டாமென்றால் விட்டுவிட்டு வா" என்று வீட்டார் சொல்வதுதான் பெரிய நட்டம். போட்ட முதலும் போகும், பிள்ளையின் துணிவும் போகும். கடமை முடிந்து நள்ளிரவில் வருபவளுக்கு ஒரு முச்சக்கர வண்டி ஒழுங்கு செய்து கொடுப்பது அதைவிட உதவி.

வெளிநாட்டுக் கனவுக்கும் இந்த அனுபவம்தான் சாவி. சவூதி, துபாய், கட்டார் அனுமதிக்குப் புரொமெட்ரிக் பரீட்சை இருக்கிறது. சான்றிதழ்களையும் சேவைக் காலத்தையும் டேட்டாஃப்ளோ நிறுவனம் மூல இடத்திலேயே விசாரித்து உறுதிப்படுத்தும். பிரித்தானியாவுக்கு ஆங்கிலப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் வேறு. அனுபவமில்லாத புதியவரைப் பெரும்பாலான வேலைதருநர்கள் எடுப்பதில்லை. முகவரிடம் முற்பணம் கொடுக்கு முன், அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள்.

இனி மருந்தகமும் சிறு மெடிக்கல் சென்டரும் நடத்தும் எம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளைக் கையில் காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. நியமனக் கடிதமில்லை, சேமலாப நிதியில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் சேவைக் காலத்தை உறுதிப்படுத்துமாறு விசாரணை வரும்போது காட்ட எதுவுமிருக்காது. உழைத்த இரண்டு வருடமும் கணக்கில் வராது. வேலைதருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்ற சேமலாப நிதியும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் சட்டப்படி செலுத்த வேண்டியவை. நியமனக் கடிதத்தை முதல் நாளே கொடுங்கள். விலகும்போது திகதிகளோடு சேவைச் சான்றிதழும் கொடுங்கள். விசாரணை மின்னஞ்சல் வந்தால் அன்றே பதில் போடுங்கள்.